வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே

நேற்று ஐஸ்பெட்டியைக் கழுவினேன். மேல்தட்டில் இறுகிக் கிடந்த பனியைக் கரண்டிக் காம்பால் சுரண்டியபோது அடியில் உன்னுடைய நீலத் தட்டு அகப்பட்டது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஐஸ் கட்டிகள் விழுமே, அந்தச் சின்னத் தட்டு. ஏழெட்டுக் குழிகளில் எலுமிச்சைச் சாறு உறைந்தபடியே இருந்தது. நீ வந்தால் வாயில் போட்டுக்கொள்வாய் என்று நான்தான் பிழிந்து ஊற்றி வைத்திருந்தேன். ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். புளிப்பு போகவில்லை, கொஞ்சம் கசப்பும் சேர்ந்திருந்தது. தரையெல்லாம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டி முழுதும் கரையும்வரை அப்படியே நின்றேன்.

மணிக்கு ஒன்று என்பது உன் கணக்கு. நாள் முழுக்க அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு தாகத்தை ஏமாற்ற நீ கண்டுபிடித்த வழி. "தண்ணியா குடிச்சா உடனே போய்டும்லா. கட்டியா போட்டா கொஞ்ச நேரம் கூட இருக்கும்" என்பாய். இருப்பதைக் கொஞ்ச நேரம் கூட்டி வைத்துக்கொள்வதில் உன்னைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. நீ போய் ஆறு மாதம் ஆகிறது. உன்னிடம் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றிரண்டு இருக்கின்றன. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உன்னை முதலில் பார்த்த மாதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது. திங்கள், புதன், வெள்ளி காலைகளில் பாயா ரும்புட்டிலிருந்து மலாக்கா டவுனுக்கு, டயாலிசிஸ் மையத்துக்கு, அவரைக் காரில் கூட்டிப்போக ஆரம்பித்திருந்தேன். முப்பது வருடம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டிய மனிதர், கையில் இரண்டு ஊசியோடு நான்கு மணி நேரம் சாய்நாற்காலியில் கிடப்பார். வெளியே உட்காரப் பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. நான் உட்காரமாட்டேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று, அவருடைய மிஷினில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். மிஷின் கத்தினால் தாதிக்கு முன்பு நான் உள்ளே ஓடுவேன். இரண்டு முறை என்னைத் திட்டி வெளியே அனுப்பினார்கள்.

ஜன்னல் பக்கம், அவருக்கு அடுத்த நாற்காலி உன்னுடையது. ஒருநாள் தாதி சிரித்துக்கொண்டே வெளியே வந்து, நீ சொல்லியனுப்பியதைச் சொன்னாள்: "கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு அம்மா நிக்குதே, அதுக்கும் ஒரு மிஷின் போடணுமான்னு கேக்குறாங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. எட்டிப் பார்த்தேன். ஊசி குத்தாத கையை நீ ஆட்டினாய். நெடுநாள் பழகியவள் போல.

நீ என்னைப் போலத் துணைக்கு வந்தவள் இல்லை. நோயாளியே நீதான். புக்கிட் பெருவாங்கிலிருந்து தனியாக வந்து, நான்கு மணி நேரம் கிடந்து, தனியாகவே திரும்பிப் போவாய். கல்யாணம் ஆகவில்லை. அம்மாவையும் அப்பாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டாய், அத்தோடு வயது போய்விட்டது. நோய் வரும்வரை இருபத்தாறு வருடம் பஸ் டிக்கெட் கவுண்டரில் வேலை. ஆற்றோரம் இருந்த பழைய பஸ் நிலையத்தில் ஆரம்பித்து, பிறகு புது நிலையமான மலாக்கா சென்ட்ரலில். அதனால் என் வீட்டுக்காரர் உனக்குக் கவுண்டர்காரம்மா என்று பெயர் வைத்தார். "கவுண்டர்காரம்மா, அடுத்த பஸ் எத்தன மணிக்கு?" என்று அவர் கேட்டால், நீ கண்ணை மூடிக்கொண்டு "ஈப்போ ஒம்பதர, குவாந்தான் பத்து, கோத்தா பாரு ராத்திரிதான் அண்ணே, இப்ப போய் தூங்கிட்டு வாங்க" என்பாய். அந்த வரிசையில் கிடந்த எல்லோரும் சிரிப்பார்கள். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு அவர் சிரித்ததை நான் முதலில் கேட்டது அப்போதுதான்.

ஒரு புதன்கிழமை ஊசி எடுத்து, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"கடசியா எப்ப தூங்குன?" என்று கேட்டாய்.

"நேத்து ராத்திரி தூங்குனேனே."

"அது படுத்தது. தூங்குனத கேக்குறேன்."

ராத்திரி என் வீட்டுக்காரர் மூச்சு மாறினால் எழுந்துகொள்வேன். கால் வீங்கியிருக்கிறதா என்று விடியுமுன் அமுக்கிப் பார்ப்பேன். அவர் குடிக்கும் தண்ணீரைச் சின்னக் குவளையில் அளந்து நோட்டில் எழுதுவேன். பகலில் உட்கார்ந்தால் குற்றம் செய்த மாதிரி இருக்கும். என் அம்மா ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு மணி அடிப்பதற்குள் வீட்டு வேலை எல்லாம் முடித்திருப்பார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது சாப்பிடும்போது மட்டும்தான். அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு ஓய்வு என்பது யாரோ ஒருவருடைய நேரத்தைத் திருடுவது. இதை உன்னிடம் சொன்னபோது நீ தலையாட்டினாய். "எங்கம்மாவும் அதே தோட்டத்து ஆளுதான், வேற டிவிஷன்" என்றாய்.

அடுத்த வாரமே வேலையை ஆரம்பித்துவிட்டாய். மையத்துக்குத் துணைக்கு வரும் நாங்கள் ஐந்தாறு பேர் இருந்தோம். எதிர் நாற்காலிக்காரரின் மனைவியான மலாய்க்கார அக்கா, தன் தங்கையைக் கூட்டிவரும் சீன அங்கிள், இன்னும் இரண்டு மூன்று தமிழர்கள். ஒருவரோடு ஒருவர் பேசாமல், ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்போம். நீ சாய்ந்து கிடந்த இடத்திலிருந்தே தாதியிடம் தாள் வாங்கி, பஸ் அட்டவணை போலக் கோடு போட்டு எங்கள் பெயர்களை எழுதினாய். ஒரு நாளைக்கு இரண்டு பேர் உட்கார்ந்தால் போதும், மற்றவர்கள் போகலாம். உட்காருகிறவர்கள் எல்லா நோயாளிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். என் பெயரைத் திங்கள் கட்டத்தில் மட்டும் போட்டிருந்தாய்.

"புதன், வெள்ளி நான் எங்க போறது?" என்றேன்.

"பசாருக்குப் போ. கோயிலுக்குப் போ. கார்ல சீட்ட சாச்சுப் படு. எங்கயாச்சும் போலா."

முதல் புதன்கிழமை நான் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். இரண்டாவது வாரம் மலாய்க்கார அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பசாருக்குப் போனார். பிறகு அது பழக்கமாகிவிட்டது. புதன் என்றால் அவரோடு காய்கறி, மீன், பாலில்லாமல் ஒரு தே ஓ. வெள்ளி என்றால் கோயிலில் அர்ச்சனை முடியும்வரை தூணில் சாய்ந்து உட்காருவது. திரும்பி வந்தால் சீன அங்கிள் என் வீட்டுக்காரரின் ரத்த அழுத்தத்தைக் கையில் எழுதிவைத்துக்கொண்டு, பரீட்சை மார்க் போல ஒப்பிப்பார். நான் பார்க்காத நேரத்திலும் அந்த மிஷின் ஓடியது. இதை நம்ப எனக்கு நான்கு மாதம் பிடித்தது.

உன் ஆசையை நீ சொன்னது அதற்குப் பிறகுதான்.

"ஊருக்கெல்லாம் டிக்கெட் கிழிச்சுக் கொடுத்தேன். ஒரு ஊருக்கும் போனதில்ல. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவுல ரெண்டு நாளு இருக்குல்ல, அதுல போய்ட்டு வரலாம். தனியா போகாதன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீ வர்றியா?"

முடியாது என்றேன். இவரை யார் பார்ப்பது என்றேன். மருந்துச் சீட்டு அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார்: "போய்ட்டு வாயேன். நான் என்ன கைப்புள்ளயா?"

முதலில் மூவாருக்குப் போனோம், காலையில் போய் மாலைக்குள் திரும்புகிறதாக. அந்த ஒன்றரை மணி நேரப் பயணத்தில் நான் வீட்டுக்கு ஒன்பது முறை போன் போட்டேன். நீ எண்ணிக்கொண்டே வந்தாய். ஆற்றங்கரையில் ஒரு கடையில் எனக்குச் செண்டோல் வாங்கிக் கொடுத்து, எதிரில் உட்கார்ந்துகொண்டாய். நான்கு வாயில் குடித்து முடித்துவிட்டேன்.

"என்னா இது, லாரிக்கு எண்ண ஊத்துற மாதிரி?" என்று சத்தம் போட்டாய். "எனக்குத்தான் குடிக்க முடியாது. உன்ன குடிக்க வச்சுப் பாக்கலாம்னு வந்தா இப்படி பண்றியே."

இன்னொன்று வாங்கினாய். ஐஸ், கருப்பட்டிப் பாகு, தேங்காய்ப்பால் என்று தனித்தனியாகச் சொல்லிக்கொண்டே குடிக்கச் சொன்னாய். உன் கட்டளைப்படி ஒவ்வொரு கரண்டியாகக் குடித்தேன். நீ பிளாஸ்கில் கொண்டுவந்த ஒரு எலுமிச்சைக் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தில் ஏக்கம் இல்லை. நான் தேடிப் பார்த்தேன், இல்லை. நிம்மதியாக ஒரு மனுஷி இனிப்பு சாப்பிடுவதைப் பார்க்கிற சந்தோஷம்தான் இருந்தது. அன்றைக்குத் திரும்பும் வழியில் நான் போன் போடவில்லை.

பத்து பகாட், சிரம்பான் என்று இன்னும் சில சனிக்கிழமைகள். பிறகு மெர்சிங்.

கிழக்குக் கரையில் இருக்கிற மெர்சிங் உன் யோசனை. "நம்மூர்ல சூரியன் கடல்ல விழுறதத்தான் பாத்திருக்கோம். கடல்லேர்ந்து ஏறி வர்றத பாக்கவேணாமா?" என்றாய். ஒரு ராத்திரி தங்கவேண்டும். என் வீட்டுக்காரரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், இரண்டு நாள் வந்து வீட்டில் இருக்கச் சம்மதித்தார். சம்மதித்தார் என்பதைவிட, "போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க, நான் என்னத்த சொல்ல" என்று பையோடு வந்து இறங்கினார். மருந்து, சாப்பாடு, தண்ணீர்க் கணக்கு எல்லாவற்றையும் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

பஸ்ஸில் ஏறியதும் நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாய். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருந்த உன் இடது கை என் பக்கம் வராமல் இருக்கத்தான் அப்படி. அதற்கு முன் ஒருமுறை அந்தக் கையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறாய். தோலுக்கு அடியில் பூனை உறுமுவது போல ஓயாமல் அதிரும். "இது நின்னா நானும் நின்னேன்" என்று சிரித்தாய். அதில் என் தலை பட்டுவிடக் கூடாது என்று, நான் தூங்குவேன் என்பதை எனக்கு முன்பே தெரிந்துகொண்டு இடம் மாறியிருந்தாய். குளுவாங் தாண்டியதா, மழை பெய்ததா, எனக்கு ஒன்றும் தெரியாது. மெர்சிங்கில் பஸ் நின்ற பிறகு, "எழுந்திரு, ஊரு வந்துருச்சு" என்று உன் குரல் கேட்டது. உன் வலது தோளில் என் எச்சில் ஒரு பட்டை ஈரமாக இருந்தது. நான்கு மணி நேரம் தூங்கியிருந்தேன். வெட்கப்பட்டேன். "சட்ட காஞ்சிடும், விடு" என்றாய்.

மறுநாள் விடியலில் கடற்கரைக்குப் போனோம். தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்தது. தூரத்துத் தீவுகளுக்கு நடுவே சூரியன் முதலில் ஒரு கீற்றாக, பிறகு பாதியாக, பிறகு முழுசாக வந்தது. நீ செருப்பைக் கழற்றி மணலில் நின்றுகொண்டு, கவுண்டரில் கூவுகிற குரலில், "மெர்சிங்! மெர்சிங் வந்தாச்சு!" என்று கத்தினாய். வலை இழுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அதுவரை அவ்வளவு காலியாக இருந்ததில்லை. தலைக்குள் ஒரு நோட்டும் திறந்திருக்கவில்லை.

அறைக்குத் திரும்பும்போது போன் அடித்தது. அண்ணி.

"உன் புருசனுக்கு மூச்சு முட்டுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம். நீ அங்கயே இருந்து கடல பாரு."

இளநீர். தோட்டத்து நண்பர் ஒருவர் சனிக்கிழமை மாலை பார்க்க வந்தபோது, அண்ணி பின்கட்டில் இருந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் இரண்டு இளநீர் வெட்டிக் குடித்திருக்கிறார். பிறகு விசிறியடியில் உட்கார்ந்து தண்ணீரும். சிறுநீரகம் போனவருக்கு இளநீர் விஷம் என்பது உனக்கும் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். திரும்புவதற்கு அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம். நீ ஒருமுறை என் கையைப் பிடித்தாய், நான் எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி நின்றிருந்தார். அவசரமாக டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார்கள், உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அண்ணி விடவில்லை. "கட்டுன புருசன விட்டுட்டு ஊர் சுத்துறவள நான் எங்கயும் பாத்ததில்ல" என்றார். உன்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் பேசியதற்கு நான் அவரிடம் பேசியிருக்க வேண்டும். உன் பக்கம் திரும்பினேன்.

"எல்லாம் உன்னாலதான். உனக்கென்ன, கேக்க ஆளில்ல. எனக்குக் குடும்பம் இருக்கு."

நீ பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாய். "அண்ணன பாத்துக்க" என்று மட்டும் சொன்னாய். ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்த நோயாளி, மறுநாள் காலையில் ஊசிக்குப் போகவேண்டியவள், தனியாக அந்த நீள வராந்தாவில் நடந்து போனாய். நான் கூப்பிடவில்லை. இன்றைக்கும் ஆஸ்பத்திரி வராந்தா எதைப் பார்த்தாலும் எனக்கு உன் முதுகுதான் தெரிகிறது.

மூன்று வாரம் உன்னோடு பேசாமல் இருந்தேன். மறுபடி கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றேன். நீ அட்டவணையிலிருந்து என் பெயரை எடுக்கவில்லை. மலாய்க்கார அக்கா புதன்கிழமை வந்து, "ஜோம், பசார்" என்று கூப்பிட்டார். வரவில்லை என்றேன். அவர் உன்னைத் திரும்பிப் பார்த்தார். விடு என்பது போல நீ தலையசைத்தாய்.

கடைசியில் பேசியது என் வீட்டுக்காரர்தான். ஒருநாள் காலையில் அவர் தட்டில் இட்லியை எண்ணி வைத்துக்கொண்டிருந்தேன். கையைத் தட்டிவிட்டார்.

"நீ இருந்திருந்தாலும் குடிச்சிருப்பேன்" என்றார்.

"என்னாது?"

"எளநீரத்தான். ரெண்டு வருசமா நான் முழுங்குற ஒவ்வொரு வாயையும் நீ பாத்துக்கிட்டு இருக்க. உன் மேல குத்தம் இல்ல. ஆனா அன்னிக்கு நீ இல்லன்ன உடனே எனக்கு லீவு உட்ட மாதிரி இருந்துச்சு. பாக்க ஆளில்லாம ஒரு வாயி குடிக்கணும்னு தோணுச்சு. தப்புதான், செத்திருப்பேன். அதுக்குப் பாவம் அந்தக் கவுண்டர்காரம்மாவ ஏன் பேசுன? போய்க் கேளு, அது ஏதாச்சும் சொல்லுச்சான்னு."

நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். அவருக்குக் காவல் இருப்பதுதான் அன்பு என்று நினைத்திருந்தேன். காவல் காக்கப்படுகிறவருக்கும் களைப்பு உண்டு என்பது அதுவரை என் புத்தியில் ஏறவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. மிஷின் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது தாதியிடம் அனுமதி கேட்டு உள்ளே வந்து, உன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். நீதான் ஆரம்பித்தாய்.

"எனக்கு ஓட முடியாது, ஊசி குத்தியிருக்கு. சொல்ல வந்தத சொல்லு."

"நான் சொன்னது தப்பு. உனக்கு யாரும் இல்லன்னு..."

"அது பொய்யில்லயே" என்றாய். "எனக்கு ஆளில்லதான். அதனாலதானே உன்ன புடிச்சு வச்சிருக்கேன்."

பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாய். "அந்த வார்த்த வலிச்சுச்சுதான். இல்லன்னு சொல்லமாட்டேன்" என்றாய். அடுத்த நாற்காலியில் என் வீட்டுக்காரர் தூங்குகிறவர் போலக் கண்ணை மூடியிருந்தார். அவர் தூங்கவில்லை என்பது நம் இருவருக்கும் தெரியும். நான் உன் காலடியில் இருந்த போர்வையை இழுத்துச் சரி செய்தேன். அதற்குமேல் என்ன மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று நீயும் சொல்லவில்லை. "நாளைக்கு என்னா கொழம்பு?" என்று கேட்டாய்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வருடத்தை எப்படிச் சொல்வது? பெரிதாக ஒன்றும் நடக்காத நாட்கள். அவற்றைத்தான் நான் இப்போது அதிகம் நினைக்கிறேன். செவ்வாயும் வியாழனும் மத்தியானம் நீ பாயா ரும்புட்டுக்கு வருவாய். உப்புக் குறைத்துச் சமைத்ததை மூவரும் சாப்பிடுவோம். அவர் கைக்கு நோட்டு மாறியிருந்தது. தன் தண்ணீர்க் கணக்கைத் தானே எழுதினார், சில நாள் பொய்யும் எழுதினார், நான் கேட்பதில்லை. சாப்பிட்டு முடித்ததும் நீ ஹாலில் பாயை விரிப்பாய். "ரெண்டு மணி பஸ் கெளம்புது. ஏறுறவங்க ஏறுங்க" என்பாய். பாத்திரம் கிடக்கிறது என்று நான் இழுத்தால், "பாத்திரத்துக்குக் கால் இருக்கா, எங்கயாச்சும் ஓடப்போவுதா?" என்பாய். முதலில் உனக்காகப் படுத்தேன். பிறகு எனக்கே இரண்டு மணிக்குக் கண் சொக்க ஆரம்பித்தது. விசிறிச் சத்தம், பக்கத்து அறையில் அவர் குறட்டை, வெளியே ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிள் ஹாரன். மூன்றரைக்கு எழுந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பால் ஊற்றாத டீயைச் சின்னக் கப்பில் குடிப்போம். உனக்குப் பாதி.

சனிக்கிழமைகளில் ஈப்போ போனோம், தைப்பிங் போனோம். நாம் போகிற நாட்களில் அவரும் ஜாசினுக்குப் போய்ப் பழைய லாரி நண்பர்களோடு கோப்பிக் கடையில் உட்கார்ந்துவிட்டு வந்தார். ஒரு சின்னக் கிளாஸ் என்பது அவர் கொடுத்த வாக்கு. காப்பாற்றினார் என்றுதான் நினைக்கிறேன்.

மிச்சம் இருந்தது கோத்தா பாரு. உன் கவுண்டரிலிருந்து போன பஸ்களில் அதுதான் மிகத் தூரம். இரண்டு நாளுக்குள் போய்த் திரும்பினால் உன் உடம்பு தாங்காது. அதனால் அந்த ஊரிலேயே ஒரு மையத்தில் திங்கட்கிழமை டயாலிசிஸுக்கு இடம் கேட்டு நீயே போன் பேசி, உன் ரிப்போர்ட்டுகளை அனுப்பி, அவர்களும் வரச் சொல்லிவிட்டார்கள். பயணத்துக்குப் பலம் சேர்க்கவேண்டும் என்று அதற்கு முந்தைய சனி, ஞாயிறில் எங்கும் போகாமல் அவரவர் வீட்டில் இருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு நான் படுத்தேன். போனைச் சத்தமில்லாமல் செய்து சாமி அலமாரியில் வைத்திருந்தேன். அதுவும் நீ சொல்லிக் கொடுத்த பழக்கம்தான். நன்றாகத் தூங்கினேன். கனவுகூட இல்லை.

எழுந்து பார்த்தபோது நீ இரண்டு முறை கூப்பிட்டிருந்தாய். ஒரு குரல் செய்தியும் இருந்தது.

"எடுக்கல... தூங்குற போல. தூங்கு, தூங்கு. ஒண்ணும் அவசரமில்ல."

அவ்வளவுதான். நான் திருப்பிக் கூப்பிட்டபோது உன் பக்கத்து வீட்டுப் பெண் எடுத்தாள். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றாள். நானும் என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தபோது நீ இல்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே தண்ணீர் சேர்ந்து, சிலருக்கு இப்படி ஆவதுண்டாம். நாம் ஊர் ஊராகச் சுற்றிய அதே இரண்டு நாட்கள். காலையிலிருந்தே உனக்கு மூச்சுத் திணறியிருக்கிறது என்று அந்தப் பெண் பிறகு சொன்னாள்.

உன் சாவுக்கு அவ்வளவு கூட்டம் வரும் என்று நீயே நினைத்திருக்கமாட்டாய். தூரத்து ஊரிலிருந்து வந்த உன் அக்கா மகன் கொள்ளி வைத்தான். சென்ட்ரலில் இருந்து கவுண்டர் பெண்கள் கம்பெனிச் சட்டையோடு வந்தார்கள், மாறி மாறி வந்தார்கள், கவுண்டரை மூடமுடியாதே. பஸ் டிரைவர்கள் ஏழு பேர். மலாய்க்கார அக்கா காலையிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சீன அங்கிள் வாசலில் வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். என் வீட்டுக்காரர் உன் காலடியில் நின்று, "கவுண்டர்காரம்மா" என்று ஒருமுறை கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு என்னால் பகலில் படுக்க முடியவில்லை. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். குளிக்கப் போனாலும் கூடவே கொண்டுபோனேன். நான் தூங்காமல் இருந்திருந்தால், எடுத்திருந்தால், அரை மணி நேரம் முன்னால் போயிருந்தால் என்று ஒரே கணக்கு. அந்தச் செய்தியை எத்தனை முறை கேட்டேன் என்று சொல்லமாட்டேன். சொற்களுக்கு நடுவே உன் மூச்சு வாங்குவது கேட்கிறது. உனக்குத் தெரிந்திருந்தது. அவசரம் என்று தெரிந்தும் என்னை எழுப்பவேண்டாம் என்று நினைத்தாயா, அல்லது உனக்கே அது அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லையா? இதைத்தான் உன்னிடம் கேட்கவேண்டும். பதில் வராது என்று தெரியும்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் அந்தச் செய்தியைத் தானும் கேட்கவேண்டும் என்று வாங்கினார். காதில் வைத்துக் கேட்டுவிட்டு, போனைக் கொடுக்கும்போது சொன்னார்: "இதுல உன் மேல வருத்தம் எங்கயாச்சும் இருக்கா? நல்லா கேளு. உன் தூக்கத்த கெடுத்துட்டோமோன்னுதான் இருக்கு."

உடனே மனம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். இன்னும் ஒரு மாதம் ஆனது. முதலில் பத்து நிமிடம் படுத்தேன், பிறகு அரை மணி நேரம். குற்ற உணர்ச்சியும் கூடவே வந்து படுத்தது. இப்போதும் சில நாள் படுக்கிறது. ஆனால் அதையும் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்க முடிகிறது. ஜன்னல் பக்கத்து நாற்காலிக்கு ஒரு பள்ளி ஆசிரியர் வந்திருக்கிறார். அட்டவணைத் தாள் கிழிந்துபோனதால் புதிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம். கோத்தா பாருவுக்கு நான் போகவில்லை. போவேனா என்பதும் தெரியவில்லை.

போன வாரம் ஒருநாள் மத்தியானம் அண்ணி கூப்பிட்டிருக்கிறார். நான் எழுந்து, முகம் கழுவி, டீ போட்டு வைத்துவிட்டுத் திருப்பிக் கூப்பிட்டேன்.

"எங்க போன? அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு."

முன்பெல்லாம் இப்படிக் கேட்டால் துணி காயப்போட்டேன், கோழி கழுவினேன் என்று ஏதாவது ஒரு வேலையைச் சொல்லித்தான் பழக்கம்.

"தூங்கிக்கிட்டு இருந்தேன் அண்ணி" என்றேன்.

திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். வேறு யாரோ பேசுவது போன்ற சின்னக் குரலில், "எனக்கும் ரெண்டு நாளா முதுகு வலி, நிமிரவே முடியல" என்றார். எழுபது வயது. பின்னால் அவர் வீட்டில் துணி துவைக்கும் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"அத அமத்திட்டுக் கொஞ்சம் படுங்க அண்ணி. அப்புறம் பேசலாம்" என்று சொல்லி நானே போனை வைத்தேன்.